ஜூலையில் ரோம், மூன்று இரவு: பட்டியலில் எதை வெட்டுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. ஜூலை மூன்றாம் வாரம், ஒரு வியாழன் மதியம் கோவையிலிருந்து ரோமில் வந்து இறங்குகிறீர்கள். ஞாயிறு மாலை தெர்மினி நிலையத்திலிருந்து வெனிஸ் ரயில். நீங்கள், கணவர், பத்து வயது மகள், எழுபதை ஒட்டிய அப்பா அம்மா என ஐந்து பேர். 19 இடங்களை வரிசை போட்டு, நடுவில் சனிக்கிழமை ஃப்ளாரன்ஸையும் செருகி, "மூன்று நாள் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பது பட்டியலைப் போட்ட உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். எதை விட்டால் ஊர் திரும்பிய பிறகு மனசு அடித்துக்கொள்ளாது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. நான் அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் படிப்புக்காக ரோமுக்குப் போய், வேலையும் அங்கேயே கிடைத்து, ஒன்பது வருடம் இருந்தேன். அந்த ஒன்பது கோடையிலும் ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். மாமனார் மாமியார் முதல், நண்பனின் அலுவலகத்து மேலாளர் குடும்பம் வரை கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். உரிமம் வாங்கிய வழிகாட்டி அல்ல நான். இத்தாலியில் அதற்குத் தனித் தேர்வும் உரிமமும் உண்டு. கட்டடம், வெயில், நடை ஆகிய மூன்றையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கட்டணங்கள் நான் கடைசியாகக் கொடுத்த கணக்கு; ஓரிரண்டு யூரோ ஏறியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள், அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரோம் கோடையைப் பற்றி நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "நாம் பார்க்காத வெயிலா?" என்று நினைப்பது. நானும் நினைத்தேன். முதல் வருட ஜூலையில் மாமியாரை மதியம் இரண்டு மணிக்கு, பழைய ரோமின் இடிபாடுகள் கிடக்கும் ஃபோரத்துக்குள் கூட்டிப்போனேன். அரை மணி நேரத்தில் அவர் விழுந்துகிடந்த ஒரு தூணின் மேல் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை, நீங்க பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அங்கே உட்காரக் கூடாது என்று காவலர் வந்து சொன்னார். மாமியார் அசையவில்லை. தப்பு என்னுடையது. ஜூலையில் சராசரி உச்ச வெப்பம் 31, 32 டிகிரிதான். எண்ணைப் பார்த்தால் கோவை மாதிரி இருக்கும். ஆனால் ஃபோரம் ஒரு கல் பள்ளம். தலைக்கு மேல் எதுவும் இல்லை, காலுக்குக் கீழே கருங்கல், சுற்றிலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பளிங்கு. வெப்ப அலை வந்துவிட்டால் கணக்கே வேறு. 2023 ஜூலையில் ரோமில் 40 டிகிரியைத் தாண்டியது. நீங்கள் போகும் வாரம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மோசமான வாரம் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

இதில் இன்னொரு விஷயம், கடிகாரம். கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டரை மணி வாக்கில். ரோமில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பதால், ஜூலையில் உச்சி ஒன்றேகாலுக்கு. கல் சூடேறிக் கொதிப்பது மூன்றிலிருந்து ஐந்து வரை. "நாலு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும், கிளம்பலாம்" என்று நம் பழக்கத்தில் கிளம்பினால் சரியாக அடுப்புக்குள் போய் நிற்பீர்கள். ஐந்தரைக்கு மேல்தான் வெயில் மனசு மாறும். அஸ்தமனம் எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். காலை ஆறுக்கு முன்பே விடிந்துவிடும். ஆக உங்களுக்கு ஒரு நாளில் நல்ல நேரம் இரண்டு: காலை ஆறிலிருந்து பதினொன்றரை வரை, மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் அறைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டுத் தூங்க வேண்டும். மூன்று நாளில் தினமும் நாலைந்து மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுப்பதா என்று தோன்றும். கொடுங்கள். அப்பா அம்மா இரண்டாம் நாளும் எழுந்து நடப்பார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

இதற்கு உங்கள் பக்கம் ஒரு சாதகம் இருக்கிறது. கோடையில் ரோம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் அதிகாலை மூன்றரை, நாலுக்கே விழிப்பு வந்துவிடும். ஐரோப்பியப் பயணி கஷ்டப்பட்டு எழும் நேரத்தில் உங்கள் வீட்டில் காபி தேடிக்கொண்டிருப்பார்கள். அதே கணக்கில், இரவு எட்டரை என்றால் உடம்புக்கு நள்ளிரவு. எனவே "ரோமின் இரவு வாழ்க்கை" என்று பட்டியலில் எழுதியிருப்பதை முதல் வெட்டாக அடித்துவிடுங்கள். அதிகாலை ரோம் அதைவிட நல்ல சரக்கு.

இரண்டாவது வெட்டு ஃப்ளாரன்ஸ். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் போய்வர மூன்று மணி நேரம், நிலையத்துக்குப் போகவர ஒன்று, மிச்சமிருப்பது மதியத்தின் கொதிக்கும் பாகம். ஃப்ளாரன்ஸ் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர், காற்றும் வராது. இருக்கும் மூன்று காலைகளில் ஒன்றை அதற்குக் கொடுத்தால் ரோமும் பாதி, ஃப்ளாரன்ஸும் பாதி. அப்புறம் பட்டியலில் உள்ள ஸ்பானியப் படிகள்: அழகுதான், ஆனால் 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம். உட்கார முடியாத படிக்கட்டுக்கு எழுபது வயதுக்காரர்களை எதற்கு அழைத்துப் போவது? "உண்மையின் வாய்" எனும் கல்முகம்: ஒரு புகைப்படத்துக்காக வெயிலில் வரிசை, வேண்டாம். மேல்கூரை இல்லாத சுற்றுலாப் பேருந்து: மதியம் அதில் ஏறுவது காசு கொடுத்து அப்பளம் பொரிவது. சான்ட் ஆஞ்சலோ கோட்டையை ஆற்றுப் பாலத்திலிருந்து பார்த்தாலே போதும். இவற்றில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். கோட்டையின் மாடியிலிருந்து தெரியும் காட்சிக்காகச் சண்டைக்கே வருவார்கள். நான் உங்கள் ஐந்து பேரை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முன்பதிவு உங்களுக்கு மூன்று இடத்துக்குத்தான் வேண்டும்: கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம், போர்கேசே காட்சிக்கூடம். கொலோசியம் சீட்டு, போகும் நாளுக்கு 30 நாள் முன்பு அதன் சொந்த இணையதளத்தில் திறக்கும். நல்ல நேரங்கள் சீக்கிரம் போய்விடும். 18 யூரோ சீட்டில் ஃபோரமும் பலத்தைன் குன்றும் சேர்ந்தே வரும். 2023 முதல் சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். அப்பாவுக்கு வீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் விரிந்து இன்னொரு பெயர், சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதன்படியே நிரப்புங்கள். மகளுக்கு 18 வயதுக்குள் என்பதால் கட்டணம் இல்லை, ஆனால் அவளுக்கும் சீட்டு எடுத்தாக வேண்டும்.

இந்தச் சீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. சாதாரண சீட்டு 24 மணி நேரம் செல்லும். வெள்ளி மாலை ஐந்தரைக்குக் கொலோசியம் நேரம் எடுத்துக்கொண்டால், அதே சீட்டில் சனி காலை ஃபோரமும் பலத்தைனும் போகலாம். இரண்டுமே வெயில் இல்லாத நேரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர்கள்தான் என் மாமியார் மாதிரி தூணில் உட்கார வேண்டிவரும். கொலோசியத்தை வியாழன் மாலைக்கு மட்டும் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் பெயர் போட்ட, நேரம் போட்ட சீட்டு வீண்.

சரி, நாள் வாரியாக நான் எப்படிப் போவேன் என்று சொல்கிறேன். வியாழன்: ஃப்யூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு இடையில் எங்கும் நிற்காத ரயில், 32 நிமிடம், தலைக்கு 14 யூரோ. நான்கு பெரியவர்களுக்கு 56 ஆகிவிடும். பழைய ஊர் மதிலுக்குள் எங்கே போனாலும் வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, தலைக்கு அல்ல, வண்டிக்கு, பெட்டிகளும் சேர்த்து. எனவே டாக்ஸியே மேல். ஐந்து பேர் ஏறும் வண்டி வேண்டும் என்று டாக்ஸி வரிசையிலேயே சொல்லுங்கள். உள்ளே வருகைக் கூடத்தில் "டாக்ஸி, டாக்ஸி" என்று கிட்டே வருபவர்களிடம் பேச்சே வேண்டாம். தங்குவதற்கு நீங்கள் கேட்ட மூன்று பகுதிகளில் மோந்தியைத்தான் சொல்வேன். கொலோசியத்துக்கு நடை, தெர்மினிக்குப் பக்கம், மெட்ரோவும் உண்டு. கொஞ்சம் மேடு பள்ளம், அவ்வளவுதான். திராஸ்தேவெரே அழகு, ஆனால் மெட்ரோ கிடையாது, ஜன்னலுக்குக் கீழே நள்ளிரவு தாண்டியும் கும்மாளம். விடுதிக்காரரிடம் இரண்டே கேள்வி: ஏசி இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா? பழைய கட்டடங்களில் இரண்டும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நகர வரி என்று தலைக்கு ஓர் இரவுக்கு 4 முதல் 10 யூரோ வரை தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, சட்டப்படிதான்.

வியாழன் மாலை ஐந்தரைக்கு மேல் நாவோனா சதுக்கம் மட்டும். நீள்வட்டமாக இருக்கும், ஏனென்றால் அது டொமீஷியன் பேரரசனின் ஓட்டப் பந்தய மைதானம். பார்வையாளர் படிக்கட்டுகளின் மேல்தான் வீடுகள் நிற்கின்றன. நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651இல் முடிந்தது. நைல், டான்யூப், ரியோ டி லா ப்ளாடா, கூடவே நம் கங்கை. கையில் துடுப்போடு சாய்ந்திருக்கும் தாடிக்காரர்தான் கங்கை. நதியைத் தாயாகவே பார்த்த அம்மாவிடம் அதைக் காட்டி, முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயம், இலவசம். உள்ளே இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கராவாஜியோ புனித மத்தேயுவைப் பற்றித் தீட்டிய மூன்று ஓவியங்கள், 1600ஐ ஒட்டி வரைந்தவை. இருட்டாக இருக்கும். அருகே ஒரு பெட்டி, அதில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று அணையும். யாராவது காசு போடட்டும் என்று சுற்றிலும் இருபது பேர் காத்திருப்பார்கள். மகளிடம் சில்லறை கொடுத்துவிடுங்கள், அந்த இருபது பேருக்கும் அவள்தான் அன்றைக்கு ராணி. எட்டரைக்கு எல்லோரும் படுக்கை.

வெள்ளி காலை ஏழு மணிக்கு புனித பேதுரு பேராலயத்தின் வாசலில் நில்லுங்கள். இலவசம். பாதுகாப்புச் சோதனை வரிசை அந்த நேரத்தில் பத்து நிமிடம், பத்து மணிக்கு அதே வரிசை சதுக்கத்தையே சுற்றும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்குப் பிரச்சினையே இல்லை. கணவரின் அரைக்கால் சட்டையும் மகளின் கையில்லாத சட்டையும்தான் சிக்கல். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிலை. 1972இல் ஒருவர் சுத்தியலால் தாக்கிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே சதுக்கத்தில் 284 தூண்கள், நான்கு வரிசை. தரையில் நீரூற்றுக்கும் நடுவிலிருக்கும் எகிப்தியக் கல்தூணுக்கும் இடையே ஒரு வட்டக்கல் பதித்திருக்கும். அதன் மேல் நின்று தூண்களைப் பார்த்தால் நான்கு வரிசையும் ஒன்றன் பின் ஒன்று மறைந்து ஒற்றை வரிசையாகிவிடும். ஓரடி நகர்ந்தால் காடு மாதிரி பெருகும். கட்டடக் கலை படித்த நானே ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் நகர்ந்து விளையாடுவேன். கோபுர மாடிக்கு 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் மிச்சம் 320 ஏற வேண்டும், போகப்போகச் சுவரே சாயும் குறுகல் வழி. அப்பா அம்மாவுக்கு வேண்டாம்.

வாட்டிகன் அருங்காட்சியகம் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சிஸ்டைன் சிற்றாலயம் பார்த்தே ஆக வேண்டியது, அதில் சந்தேகமில்லை. 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ அண்ணாந்து நின்று தீட்டிய கூரை அது. ஆனால் அதற்குப் போக நீண்ட கூடங்கள் வழியாகக் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டும், ஜூலையில் உட்கார இடம் தேடுவதே வேலையாகிவிடும். அப்பா அம்மாவுக்கு ஓவியத்தில் தனி ஈடுபாடு இல்லையென்றால், பேராலயம் முடிந்ததும் உங்களில் ஒருவர் அவர்களை டாக்ஸியில் அறைக்குக் கூட்டிப்போங்கள். மற்றவர் மகளோடு ஒன்பது மணிச் சீட்டில் உள்ளே போகட்டும். அருங்காட்சியகத்தின் வாசல் பேராலயத்திலேயே இல்லை. மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஞாயிறு அங்கே விடுமுறை (மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்). அதனால்தான் வெள்ளி.

அன்று மாலை கொலோசியம். கி.பி. 80இல் திறப்பு விழா கண்ட கட்டடம். உள்ளே போகும் முன் வெளிச் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். குண்டு துளைத்த மாதிரி எங்கும் ஓட்டை. குண்டெல்லாம் இல்லை. கல்லையும் கல்லையும் பிணைக்க உள்ளே இரும்புக் கவ்விகள் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் குடைந்து எடுத்துக்கொண்டார்கள். கவ்வி போன பிறகும் கல் தன் எடையிலேயே நிற்கிறது. அப்புறம், முழு உயரத்துக்கு மிஞ்சியிருக்கும் வடபுறத்தில் வளைவுகளின் மேல் ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும். அவை வாசல் எண்கள். மகளுக்குப் பள்ளியில் 44ஐ எக்ஸ்-எல்-ஐ-வி என்று எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே எக்ஸ்-எல்லுக்குப் பின்னால் நான்கு கோடு. ரோமர்களே "தப்பாக" எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை.

சனி அதிகாலை எப்படியும் விழிப்பு வந்துவிடும் அல்லவா, ஆறு மணிக்கு ட்ரெவி நீரூற்றுக்கு நடந்து போங்கள். பகலில் தண்ணீரின் சத்தமே கேட்காத அளவுக்குக் கூட்டம். காலை ஆறுக்கு அருவி மாதிரி கேட்கும். அதற்கு வரும் நீர்வழி கி.மு. 19இல் பேரரசன் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டியது, இடையில் பலமுறை பழுதுபார்த்து இன்னும் ஓடுகிறது. திரும்பி வந்து காலை உணவு. ஒன்பது மணிக்குக் கொலோசியத்தின் பக்கத்திலிருக்கும் சான் கிரெகோரியோ சாலை வாசல் வழியாக முதலில் பலத்தைன் குன்று. குடைப் பைன் மரங்கள், நிழல், காற்று எல்லாம் மேலேதான். ஃபோரத்தைக் கடைசியில் முக்கால் மணி நேரத்தில் இறங்கிக் கடந்துவிடுங்கள். அங்கே மூன்று பெரிய வளைவுகளோடு நிற்கும் மாக்சென்ஷியஸ் மண்டபத்தை அப்பாவுக்குக் காட்டுங்கள். அதற்கு அடியில் இருந்தது டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகு வந்து குவிந்த இடம். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனக் கப்பல்களை நம் சங்கப் பாட்டு பேசுகிறதே, அந்த வியாபாரத்தின் மறுமுனை. உங்கள் கோவை வட்டாரத்தில் பூமிக்குள்ளிருந்து கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் இந்தக் கணக்கில் வந்தவையே.

ஃபோரத்திலிருந்து வெளியே வந்ததும் பன்னிரண்டு மணிக்குள் சான் பியேத்ரோ இன் வின்கோலி. கொம்பு வைத்த மோசே சிலை அங்கேதான் இருக்கிறது. எபிரேய மூலத்தில் "ஒளிர்ந்தது" என்று கொள்ள வேண்டியதை லத்தீனில் "கொம்புடைய" என்று பெயர்த்ததால் வந்த கொம்பு. மொழிபெயர்ப்புப் பிழையை இவ்வளவு அழகாக வேறெங்கும் பார்க்க முடியாது. முழங்கால் ஒத்துழைப்பவர்கள் சான் கிளெமெந்தேயும் போகலாம். 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே ரோமானிய வீடும், மித்ரா என்ற பழைய தெய்வத்தின் கோயிலும். அடித்தளத்தில் குளுகுளுவென்று இருக்கும், எங்கோ நீர் ஓடும் சத்தம் கேட்கும். இந்த மாதிரி சின்னக் கோயில்கள் பலவும் பன்னிரண்டரைக்கு மூடி மூன்றரை, நாலுக்குத்தான் திறக்கும், நம் ஊரில் நடை சாத்துவது போல. சனி மாலை இல் ஜேசு தேவாலயம். 1540களில் முத்துக்குளித்துறை ஊர்களில் திரிந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவில் இருப்பது தெரியும். அவர் ஞானஸ்நானம் கொடுத்த வலக்கையின் முன்பகுதி இங்கே பேழையில் இருக்கிறது. அப்படியே காம்பிதோலியோ மேட்டில் ஏறி, நகர மன்றத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். காலையில் நடந்த ஃபோரம் முழுக்க மாலை வெளிச்சத்தில் காலடியில் கிடக்கும். காசு கிடையாது.

தண்ணீர், சாப்பாடு பற்றிக் கொஞ்சம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவெங்கும் "நசோனே", அதாவது பெரிய மூக்கு என்று செல்லப் பெயருள்ள இரும்புக் குழாய்கள், சுமார் 2,500 உண்டு. 1874 முதல் இருக்கின்றன. ஓயாமல் ஓடும், சில்லென்று இருக்கும், குடிக்க நல்ல தண்ணீர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்னத் துளை வழியாக நீர் வளைந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம். அம்மா சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அமத்ரிச்சானா பாஸ்தா பார்க்கத் தக்காளிக் குழம்பு மாதிரி இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி. பூசணிப்பூ பஜ்ஜி என்று ஆசையாக வாங்கினால் நடுவில் நெத்திலி இருக்கும். காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவில் சீஸும் மிளகும் மட்டுமே, ஆனால் அந்த பெக்கோரீனோ சீஸை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு. இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விவகாரம். சந்தேகமே இல்லாதது மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய். தெர்மினிக்குப் பக்கத்தில் எஸ்குலினோ சந்தையில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வரை கிடைக்கும். அடுப்புள்ள அறை எடுத்தால் ஒருவேளை ரசம் சோறு, எல்லோருடைய கோபமும் தணியும்.

பெட்டி, பை விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. தெருக்களில் பதித்திருக்கும் சின்னக் கருங்கற்களில் சக்கரப் பெட்டியும் சரி, குதிகால் செருப்பும் சரி, தாங்காது. அப்பா அம்மாவுக்குப் பழகிய ஷூ போட்டுவிடுங்கள், புதிது வேண்டாம். தெர்மினியிலிருந்து வாட்டிகன் போகும் 64ஆம் எண் பேருந்திலும் தெர்மினி மெட்ரோவிலும் பிக்பாக்கெட் சர்வ சாதாரணம், பர்ஸ் முன்பக்கம் இருக்கட்டும். போக்குவரத்து வேலைநிறுத்தம் வருமா வராதா என்பது மட்டும் என் கையில் இல்லை. பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வைப்பார்கள், முன்கூட்டியே அறிவிப்பார்கள். நான் மேலே சொன்ன வெள்ளித் திட்டத்தில் டாக்ஸியும் நடையும் இருந்தாலே போதும் என்பதால் பயப்பட வேண்டாம்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு போர்கேசே. இரண்டு மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் நடக்காது. துரத்தும் அப்போலோ தேவனிடமிருந்து தப்ப மரமாக மாறும் டாஃப்னே, இதுதான் பெர்னினியின் அப்போலோவும் டாஃப்னேயும் சிலை; அதைப் பின்னாலிருந்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். முதலில் ஓடுகிறவன் மட்டும் தெரிவான், முன்னால் வர வர அவள் விரல்கள் இலைகளாகும், இடுப்பில் பட்டை ஏறும். பதினொன்றுக்கு வெளியே வந்து பூங்காவின் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு டாக்ஸியில் பாந்தியன் எனும் பழைய ரோமானியக் கோயில். தினமும் நடுப்பகலில் வெளியே நிற்காதீர்கள் என்றவன் ஏன் உச்சி நேரத்தில் போகச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு கட்டடம் மட்டும் அந்த நேரத்துக்காகவே. பேரரசன் ஹாட்ரியன் காலத்துக் கான்கிரீட் குவிமாடம், விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உயரமும் அதே 43.3. இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை. கீழே கனமான கல் ஜல்லி, மேலே போகப்போக லேசாக்கி, உச்சியில் மிதக்கும் எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம், கண்ணாடி கிடையாது. குளிர் மாதங்களில் அதன் வழியே விழும் வெளிச்சம் சுவரிலோ கூரையிலோ ஒட்டியிருக்கும். ஜூலையில் ஒன்றேகால் மணி வாக்கில் அது வாசல் பக்கத்துத் தரையில் முழு வட்டமாக இறங்கி நிற்கும். சீட்டு 5 யூரோ. பன்னிரண்டரைக்கு உள்ளே போய், சுவரோரப் பலகையில் அப்பா அம்மாவை உட்கார வைத்துவிட்டு, வட்டம் நகர்வதைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கண்ணுக்கே தெரியும். ஞாயிறு காலை பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், அது முடிந்த பிறகுதான் நீங்கள் போகிறீர்கள்.

பெட்டிகளை மோந்தி விடுதியிலேயே விட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அநேகமாக எல்லா விடுதியும் சம்மதிக்கும். வெனிஸ் ரயில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், வழியில் ஃப்ளாரன்ஸில் சில நிமிடம் நிற்கும். விட்டுவிட்டோமே என்று தோன்றினால் ஜன்னல் வழியாக ஒரு கை காட்டிவிடுங்கள்.